நகம் வெளுக்காத நாள்

போன மார்கழியில், ஒரு சபா கேன்டீனில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது நண்பர் ஒருவர் சொன்ன வார்த்தை ஆறு மாதமாக மனசில் கிடந்து உறுத்துகிறது. அவர் வயலின் வாசிப்பவர், நல்ல ஞானம் உள்ளவர். பேச்சு எங்கெங்கோ போய் மாண்டலின் ஸ்ரீனிவாஸிடம் வந்து நின்றது. "அவர் கையில பழைய டெலிபோன் கார்டை வெட்டிக் கொடுத்திருந்தாலும் அதே நாதம்தான் வந்திருக்கும். எல்லாம் விரல்ல இருக்கு. பிக்ல என்ன இருக்கு?" என்றார். பிக் என்றால் தந்தியை மீட்ட விரல் நுனியில் பிடித்துக்கொள்ளும் சின்னத் தகடு. மேஜையைச் சுற்றி இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்த நேரத்தில் என் கைப்பையில் ஒரு சின்ன டப்பா இருந்தது. அதற்குள் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய ஒரே ஒரு பிக் இருந்தது.

நண்பர் சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் தலையாட்டினேன். ஆனால் முழுக்கச் சரி என்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்கான பதில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. நான் பிறந்து வளர்ந்தது கும்பகோணம். அந்தப் பக்கத்தில் நாகஸ்வரக்காரர்களைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் சீவாளி தெரியும். காவிரிக்கரைக் கொறுக்கந்தட்டையை வெட்டி, பதப்படுத்தி, கட்டிச் செய்கிற அந்தச் சின்னப் பொருளை வாத்தியத்தோடு கொத்தாகத் தொங்கவிட்டிருப்பார்கள். வாசிப்பதற்கு முன் ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஈரமாக்கி, ஊதிப் பார்த்து, பிடிக்காவிட்டால் அடுத்ததை எடுப்பார்கள். நல்ல சீவாளிக்காகத் திருவாவடுதுறை வரை போய் உட்கார்ந்து காத்திருந்து வாங்கி வருவார்கள். "எல்லாம் மூச்சில்தான் இருக்கிறது, சீவாளியில் என்ன" என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. நண்பரே தன் வயலின் வில்லுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். மாண்டலினுக்கு வில் என்று ஒன்று உண்டென்றால் அது பிக்தான். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒன்றரை மில்லிமீட்டர் கனம், அவ்வளவுதான். கைக்குள் மறைந்துவிடுகிற அளவில் இருப்பதால் அதற்கு மரியாதை இல்லாமல் போயிற்றோ என்னவோ.

காம்பஸ் முள்ளால் கீறியது

1988இல் எனக்கு ஒன்பது வயது. அந்த வருடங்களில் மாண்டலின் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் காரணம் ஒருவரே. ஆந்திராவின் பாலகொல்லில் 1969இல் பிறந்து, மேற்கத்திய வாத்தியம் ஒன்றைக் கர்நாடக மேடையின் நடுவில் உட்காரவைத்த இளைஞர் ஸ்ரீனிவாஸ். அப்பா கேசட் வாங்கி வந்தார், அப்புறம் வாத்தியம் வாங்கி வந்தார், அப்புறம் சாரிடம் கொண்டுபோய் விட்டார். சார் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவர், பிறகு முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்று அதையே சொல்லிக்கொடுத்தவர்.

வாத்தியத்தோடு வந்த பிக் செல்லுலாய்டு. ஆமை ஓட்டைப் போலப் பழுப்பும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். அதை அழுத்தித் தேய்த்தால் பூஜையறை வாசனை வரும். எனக்கு அது ரொம்ப நாள் அதிசயமாக இருந்தது. நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துத்தான் செல்லுலாய்டு செய்கிறார்கள் என்று பத்து வருடம் கழித்துத்தான் படித்தேன். சூடம் போலவே அது நன்றாக எரியவும் செய்யும். சினிமா பிலிமுக்கும் பிங்பாங் பந்துக்கும் ஒரு காலத்தில் இதே பொருள்தான்.

அந்தப் பிக் என் கையில் நிற்காது. கும்பகோணத்துச் சித்திரை மாத மதியத்தில், மின்விசிறி நின்றுபோன கூடத்தில், வேகம் இரட்டிப்பாகும் இரண்டாம் காலம் வந்ததும் விரல் நுனி வியர்த்து, பிக் மெல்லத் திரும்பிக்கொள்ளும். முனை இருக்கவேண்டிய இடத்தில் பக்கவாட்டு வளைவு வந்து நிற்கும். அதைத் தடுக்க இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்த காம்பஸ் முள்ளால் இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவைத்தேன். கொஞ்சம் பிடித்தது. கீறலுக்குள் அழுக்கு ஏறியதும் மறுபடி வழுக்கியது.

சார் அப்போதெல்லாம் ஒரே ஒரு திருத்தம்தான் சொல்லுவார். அவர் என் பிக்கைப் பார்க்கமாட்டார், கட்டைவிரல் நகத்தைப் பார்ப்பார். "நகம் வெளுக்குது பார், கையை விடு" என்பார். ஒரு பொருளை இறுக்கிப் பிடித்தால் நகத்துக்கு அடியில் ரத்தம் விலகி நுனி வெள்ளையாகும். அதுதான் அவருடைய அளவுகோல். நான் கையைத் தளர்த்துவேன், நகம் சிவக்கும், பிக் திரும்பும், மறுபடி இறுக்குவேன், நகம் வெளுக்கும். ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசையில் இது அப்பட்டமாகத் தெரியும். ஸஸ ரிரி கக மம என்று ஜோடி ஜோடியாக வருகிறதல்லவா, அதில் இரண்டாவது ஸ்வரத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். கீழ், மேல், கீழ், மேல் என்று மீட்டும்போது இரண்டாவது ஸ்வரம் மேல்மீட்டில் வரும். கீழ்மீட்டுக்குக் கையின் கனமே உதவும், மேல்மீட்டுக்கு அந்த உதவி கிடையாது. கை இறுகியிருந்தால் மேல்மீட்டு தந்தியில் மாட்டிக்கொண்டு நொண்டும். என்னுடையது நொண்டியது. பதினைந்து வயதுக்குள் எனக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. என் கை இறுகிய கை, வலது கை எனக்கு வராது. அந்த முடிவோடு முப்பது வருடம் இருந்தேன்.

எட்டுத் தந்தி

நாற்பது வயதுக்குமேல் எலெக்ட்ரிக் மாண்டலினை விட்டு, மரப்பெட்டி கொண்ட, நான்கு ஜோடியாக எட்டுத் தந்தி உள்ள மாண்டலினுக்கு மாறினேன். கர்நாடக சங்கீதத்துக்கு இது தலைகீழான முடிவு. ஸ்ரீனிவாஸ் எட்டுத் தந்தியிலிருந்து, தனித்தனியாக ஐந்து தந்திகள் உள்ள மின்வாத்தியத்துக்குப் போனதற்கு நல்ல காரணம் இருந்தது. ஜோடித் தந்தியில் இழுத்து, ஸ்வரத்தை அசைக்கும் கமகம் கொடுத்தால் இரண்டும் ஒரே அளவுக்கு ஏறாமல் பிசிறும். மரப்பெட்டியில் நாதமும் சீக்கிரம் அடங்கிவிடும். தந்தியின் நீளமே சுமார் 35 சென்டிமீட்டர்தான், கிட்டாரில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். எல்லாம் தெரிந்தேதான் மாறினேன். ராத்திரி பத்து மணிக்கு ஒயர் எதுவும் மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு வாசிக்க ஆசை. மோகனமும் ஹம்சத்வனியும் அந்த ஜோடித் தந்திகளில் கேட்க அவ்வளவு அழகு.

ஆனால் பிக்கின் குறைகள் எல்லாம் அன்றுதான் வெளியே வந்தன. மின்வாத்தியத்தில் காந்தம் தந்தியின் அசைவை எடுக்கிறது. பிக் உரசும் சத்தம் அதில் அவ்வளவாக ஏறாது. மரப்பெட்டியில் அது அப்படியே கேட்கும். இதில் எட்டுத் தந்திகளின் இழுவிசையும் சேர்ந்தால் எண்பது கிலோவை நெருங்கும், அதனால் ஒவ்வொரு ஜோடியும் முறுக்கேறி நிற்கிறது. மெல்லிய பிக்கால் மீட்டினால் அது முதல் தந்தியில் பட்டு வளைந்து, இரண்டாவது தந்திக்குக் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும். வளைந்த பிக் நிமிரும்போது தந்தியை ஒரு தட்டுத் தட்டும். அந்த 'டிக்' சத்தம் ஸ்வரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். கனமான பிக் வளையாது. இரண்டு தந்திகளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தள்ளிவிட்டு வெளியே வழுக்கிப் போகும். மேற்கே மாண்டலின் வாசிப்பவர்கள் 1.2, 1.4, 1.5 மில்லிமீட்டர் என்று கனமான பிக்குகளைத் தேடுவது இதனால்தான். கிட்டார்க்காரர்கள் கோர்டு அடிக்க வைத்திருக்கும் அரை மில்லிமீட்டர் பிக்கை யாராவது மாண்டலினுக்குக் கொடுத்தால் தயவுசெய்து வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கனத்துக்கு அடுத்தது முனை. கூர்முனை பளிச்சென்று பேசும், மழுங்கிய முனை கனிந்து பேசும். மூன்று முனையும் ஒரே மாதிரி உருண்டிருக்கும் பெரிய முக்கோணப் பிக்குகள் மாண்டலின்காரர்களிடம் பிரபலமாக இருப்பதற்குக் காரணம், கைக்குள் திரும்பினாலும் இன்னொரு முனை அதே போல வந்து நிற்கும். இதற்கும் மேலே விளிம்பு. விளிம்பைச் சரிவாகச் செதுக்கி, இழைத்து, பளபளப்பாக்கியிருந்தால் தந்தி அதில் சறுக்கிக்கொண்டு போகும். அச்சில் வார்த்த மலிவான பிக்கின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், வார்ப்பின் கோடு தட்டுப்படும். தந்தியும் அதில் தட்டுப்படத்தான் செய்யும்.

இதைச் சொல்லும்போது சின்ன வயதில் பாண்டி ஆடிய ஞாபகம் வருகிறது. என் தங்கை ஓட்டுச் சில்லு ஒன்றை நாள் முழுக்கத் திண்ணைச் சிமெண்டில் தேய்த்துக்கொண்டே இருப்பாள். ஓரம் வழவழவென்று ஆனால்தான் கட்டத்தில் போட்ட இடத்தில் நிற்கும், துள்ளாது என்பாள். அந்தச் சில்லை யாருக்கும் கடன் கொடுக்கமாட்டாள்.

ஆமை ஓடு

உயர்ந்த பிக் என்று தேடத் தொடங்கினால் எந்த வழியில் போனாலும் ஆமையிடம்தான் போய்ச் சேரவேண்டியிருக்கிறது. உலகத்தில் பிக்குக்காக இதுவரை செய்த நல்ல பொருள்களில் பல ஆமை ஓட்டைப் போலச் செய்யப் பார்த்த முயற்சிதான். என் செல்லுலாய்டு பிக்கின் திட்டுத்திட்டான நிறமும் அதன் நகல்தான். அந்த ஆமைக்குத் தமிழில் அழுங்காமை என்று பெயர். கழுகு மூக்கு போன்ற அலகு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் ஓட்டுத் தகடுகள். மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளிலும் இருக்கிறது. பாறைகளில் ஒட்டி வளரும் கடற்பஞ்சுகளைத் தின்று வாழும். சீப்புக்கும் நகைப்பெட்டிக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் நூற்றாண்டுக் கணக்கில் கொன்று குவித்ததால் இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் இனம். உலக அளவில் சைட்டிஸ் உடன்படிக்கை அதன் வணிகத்தைத் தடுக்கிறது, இங்கே 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன், சினிமா ஆர்கெஸ்ட்ராவில் வாசித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீட்டில் ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே துணியில் சுற்றிய பழைய ஆமை ஓட்டுப் பிக். "இதுக்கு ஈடு கிடையாதும்மா, வாசிச்சுப் பாரு" என்று கையில் வைத்தார். இரண்டு நிமிடம் வாசித்தேன். ஈடு கிடையாதுதான். தந்தியிலிருந்து எப்படி விடுபட்டது என்றே தெரியவில்லை, ஸ்வரம் மட்டும் நின்றது. விரலில் பிடிப்பும் அவ்வளவு நன்றாக இருந்தது. நம் நகம் எந்தப் புரதமோ அந்தக் குடும்பத்துப் பொருள்தான் அந்த ஓடும். "வச்சுக்கோ" என்றார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். சட்டத்துக்குப் பயந்தேனா என்றால் அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்த நாதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஏதோ சுருங்கியது. அந்த ஆமை செத்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், நான் மறுப்பதால் அது திரும்பி வராது என்பதும் தெரியும். நான் வாசித்து, ஒரு மாணவி கேட்டு, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டால் என்ன சொல்வேன் என்ற எண்ணம்தான் என்னைத் தடுத்தது.

அந்த இரண்டு நிமிடம் என் காதில் தங்கிவிட்டது. ஆமை இல்லாமல் அதற்குப் பக்கத்தில் போக முடியுமா என்று தேடியதில்தான் மற்றவற்றை எல்லாம் வாங்கிப் பார்த்தேன். பால் புரதமான கேசினில் செய்வதுண்டு. நெதர்லாந்தில் மிஷெல் வேகன் செய்யும் வெள்ளைப் பிக் உண்டு. டன்லப் நிறுவனத்தின் பிரைம்டோன் உண்டு. மூன்று பிரைம்டோன் பிக் சேர்ந்து ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும், விளிம்பை நன்றாக இழைத்திருப்பார்கள், பணத்துக்கு மேலேயே மதிப்பு. வடநாட்டுத் தந்தி வாத்தியமான சரோடை வாசிப்பவர்கள் தங்கள் பிக்கான 'ஜவா'வைத் தேங்காய் ஓட்டில் செய்துகொள்வது நினைவுக்கு வந்து, நானும் ஒரு கொட்டாங்குச்சியை வெட்டி, 400, 800, 2000 என்று உப்புத்தாள் மாற்றி மாற்றி ஒரு வாரம் தேய்த்தேன். நாதம் வெல்லம் மாதிரி இருந்தது. ஆனால் அரைமணி வாசித்ததும் முனை சொரசொரத்துவிடும், எட்டு எஃகுத் தந்திக்கு அது தாங்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் எனக்குக் கிடைத்தது விளிம்பைப் பற்றிய பாடம். தேய்க்கும் கோணம் கொஞ்சம் மாறினாலும் மேல்மீட்டு மாறுகிறது.

கடைசியில் வாங்கியது அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லில் செய்கிற புளூசிப் பிக். கிறிஸ் தீலி என்ற மாண்டலின் கலைஞர் பெயரில் வருகிற சிடி55. அவர் 2013இல் ஜெர்மானிய இசைமேதை பாக்கின் தனி வயலின் இசையை மாண்டலினில் வாசித்து வெளியிட்டதைக் கேட்டதிலிருந்து எனக்கு அவர் வலது கைமேல் ஒரு ஏக்கம். 55 என்றால் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 55 பங்கு, அதாவது 1.4 மில்லிமீட்டர். உருண்ட முனைகளோடு பழுப்பு நிற முக்கோணம், கடையில் காட்டினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இந்த விலை தங்கமுலாமுக்காகவோ அலங்காரத்துக்காகவோ வரவில்லை. அந்தப் பிளாஸ்டிக்கே விலை கூடியது, தேய்மானம் தாங்கும் இயந்திர பாகங்களுக்குப் பயன்படும் ரகம். அச்சில் ஊற்றி வார்க்காமல், தகட்டிலிருந்து வெட்டி, விளிம்பைச் செதுக்குகிறார்கள். தீபாவளிக்கு வந்த சித்தி மகனிடம் சொல்லி வாங்கிவரச் செய்தேன்.

முதல் பத்து நாள் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாதம் பிரைம்டோனைவிட பத்து மடங்கா நன்றாக இருந்தது? கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சில சமயம் எது எது என்று எனக்கே பிடிபடவில்லை. ஒப்பிட்டுக் காட்டும் காணொளிகளையும் ஹெட்போன் மாட்டி மறுபடி மறுபடி கேட்டேன். அதே கதைதான். கேன்டீனில் நண்பர் அந்தக் கேள்வியைப் போட்டபோது என்னிடம் பதில் இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

மந்தைவெளி

தை பிறந்ததும் சாரைப் பார்க்கப் போனேன். இப்போது மந்தைவெளியில் மகன் வீட்டில் இருக்கிறார், வயது எழுபத்தாறு. விரல் கணுக்களெல்லாம் வீங்கி, நாலு வருடமாக வாசிப்பதில்லை. அவருடைய மாண்டலின் உறையோடு பீரோவுக்கு மேலே இருக்கிறது. வெளிப்படையாகக் கேட்டுவிடவேண்டும் என்றுதான் போனேன். "சார், இது வாங்கினது சரியா, விரல்லதான் எல்லாம் இருக்குன்னா இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று டப்பாவை நீட்டினேன். அவர் டப்பாவை வாங்கிக்கொள்ளவில்லை. "ஜண்டை வாசி. ரெண்டாங்காலம்" என்றார்.

நாற்பத்தாறு வயதில், வர்ணமும் கிருதியும் வாசிக்கிற எனக்கு, அவர் முன்னால் ஜண்டை வரிசை என்றதும் வயிறு கலங்கியது. மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, இடது கையைப் பார்க்கவில்லை. காதை வாத்தியத்தின் பக்கம் திருப்பவும் இல்லை. பழைய மாதிரியே கொஞ்சம் குனிந்து வலது கையின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் காலம் முடிந்து கையாலேயே மூன்றாம் காலம் காட்டினார். போனேன். மின்விசிறி ஓடியும் வியர்த்தது. நிறுத்தச் சொல்லுவார் சொல்லுவார் என்று காத்துக்கொண்டே வாசித்தேன். ஆரோகணம் முடிந்து அவரோகணம் முடிந்து மறுபடி ஸஸவில் வந்து நின்றதும் நிமிர்ந்தார்.

"நகம் வெளுக்கலையே இன்னிக்கு" என்றார்.

நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது.

சார் அதோடு விடவில்லை. "பழசு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. பழக்கத்தில் வாத்திய உறையின் பையில் ஒரு செல்லுலாய்டு எப்போதும் கிடக்கும். "அதுல வாசி" என்றார். முதல் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை. கை அதே தளர்வில் இருந்தது, மேல்மீட்டு அதே மாதிரி சுலபமாக வந்தது. புதிய பிக் எனக்கு எதையோ கற்றுக்கொடுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் காலத்தில் வியர்வை ஏறியது, பிக் ஒரு நூல் திரும்பியது. அவ்வளவுதான். என் விரல் என்னைக் கேட்காமலே இறுகியதை அன்றைக்கு முதல்முறையாக நானே கவனித்தேன். நகம் நுனியிலிருந்து வெள்ளையாகிக்கொண்டே வந்தது. 'மம'வில் மேல்மீட்டு நொண்டியது. ஒன்பது வயதில் நொண்டிய அதே இடம்.

வாத்தியத்தை மடியில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தது. முப்பது வருடமாக என் கை இறுகிய கை என்று நம்பிக்கொண்டிருந்தேன். என் கையிடம் குற்றமே இல்லை. அது ஒரு வழுக்குகிற பொருளைக் கீழே விடாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கையை விடு என்று சார் சொன்னது ஒவ்வொரு முறையும் சரி. ஆனால் விட்டால் விழுந்துவிடும் ஒன்றை யாரால் விட முடியும்? புளூசிப் கையின் சூட்டில் கொஞ்ச நேரத்தில் விரலோடு ஒட்டிக்கொள்கிறது. வியர்த்தாலும் நகர்வதில்லை. அதனால் விரல் இறுக்க வேண்டிய தேவை இல்லை. ஒப்பீட்டுக் காணொளிகளில் நான் எத்தனை முறை கேட்டும் பிடிபடாததற்குக் காரணம் இதுதான். ஒலிவாங்கி நாதத்தைப் பிடிக்கும், கட்டைவிரல் நகத்தை அதற்குத் தெரியாது.

என்னிடம் யாராவது நல்ல பிக் வாங்கலாமா என்று கேட்டால் இப்போது ஒன்றுதான் கேட்கிறேன். பத்து நிமிடம் வேகமாக வாசித்துவிட்டு உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், முன்கையைத் தொட்டுப் பாருங்கள். நகம் சிவப்பாக, முன்கை இளகலாக இருந்தால் உங்கள் பிக் இருபது ரூபாயாக இருந்தாலும் அது உங்களுக்கு நல்ல பிக். குளிர்ந்த ஊரில், வியர்க்காத கை உள்ளவருக்கு என் அனுபவம் பொருந்தாமலே போகலாம். என்னைப் போல வழுக்குகிறவர் என்றால், முதலில் 1.4 மில்லிமீட்டர் கனத்தில், மூன்று முனை உள்ள, பிடிமானத்துக்கு மேற்பரப்பில் புடைப்பெழுத்து உள்ள நடுத்தர விலைப் பிக்கை வாங்கிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். மீதிப் பாதிக்குத்தான் மூவாயிரம். அந்த மீதிப் பாதி சிலருக்கு ரொம்பப் பெரிசு.

அதை எனக்குக் காட்டியவரும் சார்தான். அன்றைக்குக் கிளம்பும்போது அந்தப் பிக்கைக் கையில் வாங்கினார். வீங்கிய கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். சும்மா வைத்துக்கொண்டார், அழுத்தவில்லை, அவரால் அழுத்தவும் முடியாது. காற்றில் கீழும் மேலுமாக இரண்டு முறை அசைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். "ஒட்டிக்கிறதே" என்றார். பிறகு, எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர் கேட்கிற மாதிரி, "ரெண்டு நாள் இங்க இருக்கட்டுமா?" என்றார்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. நான் பிரைம்டோனில் வாசித்துக்கொண்டிருக்கிறேன், சித்தி மகன் அடுத்த முறை வரும்போது இன்னொன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். மாசி மாதம் சாரின் மருமகள் போன் செய்து, "பீரோ மேல இருந்து இறக்கச் சொன்னாங்க அக்கா, காலையில கால்மணி நேரம் வாசிக்கிறாங்க" என்றாள். போன வாரம் போயிருந்தேன். அந்த வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் மாடி திரும்பும்போதே கேட்டது. ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் இடைவெளி விட்டு, ஸஸ, ரிரி, கக. இரண்டாவது ஸ்வரத்தில் அழுத்தம். பாதிப் படியிலேயே நின்று, அவரோகணம் முடிகிறவரை கேட்டுவிட்டு மேலே போனேன்.